தோற்றவர்கள் எழுதிய வெற்றி நூல்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1840-களில் வெளிச்சம் குறைந்த ஒரு பெரிய கூடம் ஆளில்லாமல் கிடந்தது. காலரா பரவியபோது அதைத் தற்காலிக மருத்துவமனையாக வைத்திருந்தார்கள். நோய் போன பிறகும் அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டவில்லை. வாடகை மலிவாக இருந்தும் எடுக்க ஆளில்லை. கடைசியில் அதைத் துணிந்து எடுத்தவர்கள் சில இளம் தொழிலாளர்கள். கடை போடுவதற்கோ குடியிருப்பதற்கோ அல்ல, மாலையில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படிப்பதற்கு.

அவர்கள் தொடங்கியபோது இரண்டு மூன்று பேர்தான். ஒருவர் வீட்டு அறையில் கூடி, எழுத்து தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும், கணக்கு தெரிந்தவர் தெரியாதவருக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் சேரச் சேர அறை போதவில்லை. கோடையில் ஒரு தோட்டத்துக்கு இடம் மாறினார்கள். திறந்தவெளி என்பதால் திடீரென்று பெய்யும் மழை சிலேட்டில் போட்ட கணக்கை அழித்துவிட்டுப் போய்விடும். குளிர்காலம் நெருங்கியதும் கூரை தேடி அலைந்து, அந்தக் காலரா கூடத்தைப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் நூறு பேர் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். வாசிப்பு, கணக்கோடு பூகோளம், வேதியியல் என்று பாடங்களும் பெருகின. தங்களிடம் வந்து பேசும்படி 1845-இல் அவர்கள் அழைத்த மனிதர் சாமுவேல் ஸ்மைல்ஸ்.

உலகமெங்கும் இன்று சுயமுன்னேற்ற நூல் என்று விற்கப்படும் வகைக்குப் பெயர் கொடுத்த ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற புத்தகம் அந்தக் கூடத்தில் நடந்த பேச்சுகளிலிருந்து பிறந்தது. இந்தப் பிறப்புக் கதையை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த வகை நூல்களின் மேல் இன்று வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, அவை மனிதனைத் தனியாளாக்குகின்றன, ‘நீ மட்டும் முன்னேறு’ என்று காதில் ஓதுகின்றன என்பதுதான். பல நூல்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இந்த நூல்களை எழுதியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் முதலில் வாசித்தவர்களும் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் தோற்றவர்கள், கூட்டமாக எழுந்து நிற்க வழி தேடியவர்கள்.

ஸ்மைல்ஸ் ஸ்காட்லாந்தின் ஹேடிங்டனில் 1812-இல் பிறந்தவர். மருத்துவம் படித்து, சொந்த ஊரில் தொழில் நடத்திப் பார்த்து, அது சரிப்படாமல் லீட்ஸுக்கு வந்து பத்திரிகை ஆசிரியரானார். ‘லீட்ஸ் டைம்ஸ்’ இதழில் இருந்த ஆண்டுகளில் சாதாரண மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று எழுதினார், அதற்கான இயக்கத்தில் வேலையும் செய்தார். அந்த இயக்கம் நினைத்த பலனைத் தரவில்லை. பிறகு ரயில்வே கம்பெனியில் செயலாளர் உத்தியோகம். தொழிலாளர்களிடம் பேசியதை விரித்து எழுதிய கையெழுத்துப் பிரதியை 1855-இல் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1859-இல், ஜான் மர்ரே பதிப்பகம் அதை வெளியிட்டது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டது அதே பதிப்பகம்தான். ஸ்மைல்ஸின் புத்தகம் முதல் ஆண்டிலேயே 20,000 பிரதிகள் விற்றது.

உள்ளே இருந்தவை உபதேசங்களைவிட வாழ்க்கைக் கதைகளே அதிகம். பெர்னார் பலிசி என்ற பிரெஞ்சு மண்பாண்டக் கலைஞரின் கதையை எடுத்துக்கொள்ளலாம். மண் பாத்திரத்துக்கு வெள்ளைப் பூச்சு ஏற்றும் வித்தையைத் தானே கண்டுபிடிக்க அவர் வருஷக்கணக்கில் போராடினார். சூளைக்கு விறகு தீர்ந்துபோன ஒருநாள் தோட்டத்து வேலியைப் பிடுங்கிப் போட்டார். அதுவும் எரிந்து முடிந்ததும் வீட்டு மேஜை நாற்காலிகளை உடைத்துப் போட்டார், பிறகு அலமாரிப் பலகைகளை. மனைவி மக்கள் தெருவில் ஓடி, இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கதறினார்கள். பூச்சு கடைசியில் உருகிப் படிந்தது. ஸ்மைல்ஸ் இதை விடாமுயற்சியின் கதையாகச் சொன்னார். அந்த மனைவியின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது வேறு கதை. இந்த வகை நூல்கள் அன்று முதல் இன்று வரை அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

எதிர்ப்பு அப்போதே எழுந்தது. ஜெயித்தவர்களைப் பற்றியே எழுதுகிறாயே, தோற்றுப்போன பெருங்கூட்டத்துக்கு யார் வரலாறு எழுதுவது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். 1866-இல் வந்த பதிப்பின் முன்னுரையில் ஸ்மைல்ஸ் அந்தக் கேள்வியை மறைக்காமல் எடுத்துவைத்தே பதில் சொன்னார். புத்தகத்தின் தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தன்னலத்துக்குப் பாடிய துதி என்று நினைத்துவிட்டதாக அதே முன்னுரையில் வருந்தவும் செய்தார். அடுத்தவருக்கு உதவுவதும் சேர்ந்துதான் தன்னை உயர்த்திக்கொள்வது என்பது அவர் கட்சி. காலரா கூடத்தில் ஒருவருக்கொருவர் பாடம் சொன்னவர்களைப் பார்த்துவிட்டு எழுதியவர் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

அந்தப் புத்தகம் ஜப்பானுக்குப் போன கதை இன்னும் சுவையானது.

நகமுரா மசனாவோ கன்ஃபூசிய நூல்களில் ஊறிய அறிஞர், அப்போது ஜப்பானை ஆண்ட டோக்குகாவா ஷோகுன் ஆட்சியின் கல்விக்கூடத்தில் ஆசிரியர். ஷோகுன் அரசு 1866-இல் லண்டனுக்கு ஒரு மாணவர் குழுவை அனுப்பியபோது மேற்பார்வைக்கு அவரும் போனார். படிப்பு முடியும் முன்பே ஊரில் ஆட்சி கவிழ்ந்தது. 1868-இல் அவர் கப்பலேறியபோது திரும்பிப் போக நாடு இருந்தது, அவரை அனுப்பிய அரசு இல்லை. விடைகொடுக்க வந்த ஆங்கிலேய நண்பர் ஒருவர் ‘செல்ஃப் ஹெல்ப்’ புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நீண்ட கடல் பயணத்தில் அதைத் திரும்பத் திரும்பப் படித்து, பாதிப் புத்தகம் மனப்பாடமாகிவிட்டது என்கிறார்கள். அதிகாரம் இழந்த டோக்குகாவா குடும்பத்தோடு ஷிசுவோகாவுக்கு ஒதுங்கிய அவர், அங்கே உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தார். 1871-இல் 11 தொகுதிகளாக வந்த அந்த மொழிபெயர்ப்பு, புதிதாக அமைந்த மெய்ஜி ஆட்சிக் காலம் முழுவதும் விற்றது. மொத்தத்தில் 10 லட்சம் பிரதிகள் போயிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

பிறப்பால் வந்த அந்தஸ்து கரைந்துகொண்டிருந்த சமூகம் அது. வாளைக் கீழே வைக்க வேண்டிய நிலையில் இருந்த சாமுராய் பிள்ளைகளுக்கு, குலம் போனாலும் உழைப்பால் எழலாம் என்று சொன்ன நூல் இது. பலிசியின் கதை 1872-இல் கியோட்டோவில் கபுகி நாடகமாகவே மேடையேறியது. தறி இயந்திரத்தைச் சீர்திருத்திய டொயோடா சகிச்சி இளமையில் இந்த நூலைப் படித்தார். அவர் போட்ட அடித்தளத்திலிருந்துதான் பின்னாளில் டொயோட்டா நிறுவனம் வந்தது. நகமுரா அடுத்த ஆண்டே ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரம் பற்றிய நூலையும் மொழிபெயர்த்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தன்னை உயர்த்திக்கொள்ளும் நூலும் குடிமகனின் உரிமையைப் பேசும் நூலும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாகங்கள்.

தமிழுக்கு இந்த வகை வந்த வழி ஸ்மைல்ஸ் வழியல்ல, ஜேம்ஸ் ஆலன் வழி. அதைக் கொண்டுவந்தவர் சிறையில் இருந்தார்.

ஆலன் 1864-இல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். அப்பா பின்னலாடைத் தொழிலில் இருந்தார். தொழில் நொடித்ததும் குடும்பத்துக்கு வழி தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே இறந்தார். யாரோ வழிப்பறி செய்து கொன்றிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. 15 வயதில் ஆலன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். பல ஆண்டுகள் தொழில் நிறுவனங்களில் செயலர் வேலை. இரவில் ஷேக்ஸ்பியர், எமர்சன், புத்தரின் வாழ்வைச் சொல்லும் எட்வின் ஆர்னால்டின் காவியம். 1903-இல் அவர் எழுதிய சின்னஞ்சிறு புத்தகம் ‘ஆஸ் எ மேன் திங்கெத்’. மனிதன் தன் எண்ணங்களால் ஆனவன், சூழ்நிலை அவன் எண்ணத்தின் விளைச்சல் என்பது அதன் மையக் கருத்து. பிறகு கடலோர ஊரான இல்ஃபிராகூமில் குடியேறி, எளிய வாழ்க்கை வாழ்ந்து, ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டு புத்தகம் என்ற கணக்கில் எழுதிக் குவித்தார்.

அதே காலத்தில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை என்ற வக்கீல் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்துக்கொண்டிருந்தார். 1908 தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள்கொடுத்தார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் மாதம் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப்போனார், கடைசிவரை தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் முதலில் கிடைத்த வேலை சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுவது. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அந்த வேலையிலிருந்து விடுவித்துவிட்டு, மாடு இழுக்கும் செக்கில் கட்டினார்கள். இவற்றையெல்லாம் அவர் பின்னாளில் அகவற்பாவில் எழுதிய சுயசரிதையில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். இதே கோவைச் சிறைக் காலத்தில்தான் ஆலனின் நூல் அவர் கையில் தமிழாகியது. ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் 1909-இல் அது வெளிவந்தபோது அவர் இன்னும் கைதி. இல்ஃபிராகூமில் ஆலன் அப்போது உயிரோடு இருந்தார். 1912 ஜனவரியில், 47 வயதில் அவர் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரம் பிள்ளை விடுதலையானார்.

இங்கே வாசகருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். சூழ்நிலை என்பது எண்ணத்தின் விளைவு என்கிற நூலை, ஓர் அரசாங்கம் விலங்கு மாட்டி உட்காரவைத்த மனிதர் ஏன் மொழிபெயர்த்தார்? அவருடைய செக்கு அவர் எண்ணத்தின் விளைவா? பின்ஹேயின் தீர்ப்பும் அப்படித்தானா? ஆலனின் கருத்தை அப்படியே விழுங்கினால் ஏழையின் வறுமைக்கு ஏழையே காரணம், அடிமையின் விலங்குக்கு அடிமையே காரணம் என்ற இடத்தில் போய் முட்டும். இன்றைய சுயமுன்னேற்ற மேடைகள் பலவும் கூச்சமின்றி அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

பதில் சிதம்பரம் பிள்ளை சொந்தமாக எழுதிய நூல்களில் இருக்கிறது. கோவையிலிருந்து கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு, உடனிருந்த கைதிகளுக்கு அவர் நீதி நூல்களைப் பாடம் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுந்ததுதான் ‘மெய்யறிவு’ என்ற வெண்பா நூல். திருட்டுக்கும் கொலைக்கும் தண்டனை பெற்று வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ராஜத் துரோகக் குற்றத்துக்கு வந்தவர் பாடம் சொல்கிறார். அடுத்தது ‘மெய்யறம்’. திருக்குறளின் அமைப்பை மனதில் வைத்துக் கட்டப்பட்ட நூல், ஒற்றையடிகளால் ஆனது. மொத்தம் 125 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்து அடிகள். மாணவரியலுக்கு 30, இல்வாழ்வியலுக்கு 30, அந்தணவியலுக்கு 10, மெய்யியலுக்கு 5. மீதி 50 அதிகாரங்களும் அரசியலுக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆலன் மனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அவருடைய புத்தகத்தில் அரசு இல்லை, வரி இல்லை, படை இல்லை, நீதிமன்றம் இல்லை. சிதம்பரம் பிள்ளையோ ஆலனிடமிருந்து மனத்தை எடுத்துக்கொண்டு, வள்ளுவரிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்டார். மாணவனாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மனிதன் வீட்டைச் சரிசெய்து, அடுத்து அரசைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவனாகிறான். நூலின் மிகப் பெரிய பகுதியே அங்கேதான் இருக்கிறது. தமிழில் தன்னை வளர்த்துக்கொள்ளும் நூல் நவீன காலத்தில் பிறந்தபோது அரசியலை வயிற்றில் சுமந்தே பிறந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோடும் செக்கோடும் நிறுத்திவிடுவதே நம் வழக்கம். சமூகமும் உள்ளமும் எங்கே தொடுகின்றன என்று யோசித்த எழுத்தாளராக அவரை நினைவுகூர்பவர்கள் குறைவு.

விடுதலை அவருக்குச் சுகமாக இல்லை. சிறைவாசலில் பெரிய கூட்டம் காத்திருக்கவில்லை. கப்பல் கம்பெனி 1911-இலேயே முடிந்துபோயிருந்தது. வக்கீல் சன்னதைப் பறித்திருந்ததால் தொழில் செய்ய வழியில்லை. சென்னையில் அரிசி வியாபாரம், எண்ணெய் வியாபாரம் என்று எதையெதையோ செய்து குடும்பத்தை ஓட்டினார். அந்த நெருக்கடிக்குள்ளேயே இன்னொரு ஆலன் தமிழாக்கமான ‘அகமே புறம்’ 1914-இல் வந்தது, ‘மெய்யறம்’ நூலும் அதே ஆண்டில். ‘வலிமைக்கு மார்க்கம்’ 1916-இல். ஆலனிடமிருந்து அவர் மொழிபெயர்த்த நான்காவது நூலான ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934-இல், அவர் கடன்பட்டு முதுமையில் இருந்தபோது வெளியானது. கால் நூற்றாண்டுக் காலம் ஓர் ஆங்கில எழுத்தாளரை விடாமல் தமிழில் கொண்டுவந்த மனிதருக்கு அது பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடந்திருக்கிறார்.

அவர் இறந்த 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இந்த வகை நூல் வேறொரு திசைக்குத் திரும்பியது. மிசௌரி மாநிலத்து விவசாயி மகன் டேல் கார்னகி நடிகராக முயன்று தோற்று, லாரி விற்கும் வேலையையும் வெறுத்து, 1912-இல் நியூயார்க்கின் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றில் மேடைப்பேச்சு கற்றுக்கொடுக்கும் இரவு வகுப்பு எடுத்தார். ஒரு வகுப்புக்கு 2 டாலர் கேட்டதைக் கொடுக்க நிர்வாகம் மறுத்ததால், வசூலில் பங்கு என்று ஏற்பாடாயிற்று. பின்னாளில் வகுப்பில் சேர்ந்த ஒரு பதிப்பக அதிகாரி, இவர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கவைத்துப் புத்தகமாக்கும்படி தூண்டினார். நண்பர்களைப் பெறுவது எப்படி என்று சொன்ன அந்தப் புத்தகத்துக்கு முதலில் அச்சிட்டது 5,000 பிரதிகள்தான். உறவு என்பது கற்றுத் தேற வேண்டிய திறமை என்ற எண்ணம் அதோடு பரவியது. ஸ்மைல்ஸின் தொழிலாளியும் நகமுராவின் சாமுராயும் இருந்த இடத்தில் விற்பனைப் பிரதிநிதி வந்து உட்கார்ந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழில் இந்த வாசல் அகலத் திறந்தது. தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம்.அப்துற்-றஹீம் 1948-இல் ‘வாழ்க்கையில் வெற்றி’ என்ற நூலை வெளியிட்டார். தன் நூல்களைப் போடத் தானே சென்னையில் பதிப்பகம் நடத்தியவர். குறளும் நபிமொழியும் ஐரோப்பிய அறிஞர்களின் வாழ்க்கைச் சம்பவங்களும் ஒரே பத்தியில் சண்டையில்லாமல் உட்காரும் நடை அவருடையது. இன்னொரு பக்கம் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த அறிஞரும் அவரே. மெட்ரிக் படித்துவிட்டு வேலை தேடிய பையன்களிடம் மரியாதையோடு பேசிய குரல் அது. அவரைத் தொடர்ந்து தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எல்லோருக்கும் தெரிந்த தமிழ்வாணன், எதைச் செய்வதானாலும் அதற்கு ஒரு கையேடு எழுதலாம் என்ற அளவுக்கு எளிமையாக்கினார். அந்த எளிமையால் நூலகப் படியேறாத லட்சக்கணக்கானோர் வாசகரானார்கள். ‘மெய்யறம்’ சுமந்த அந்த 50 அதிகாரங்கள் மட்டும் இந்தப் பயணத்தில் எங்கோ நழுவிவிட்டன. புத்தகம் வேலை, பணம், பேச்சு, நினைவாற்றல் என்று தனியாளின் தேவைகளுக்குள் சுருங்கியது.

நழுவிப்போன அந்த அரசியலைத் திரும்ப எடுக்க முயன்றவர் எம்.எஸ்.உதயமூர்த்தி. மயிலாடுதுறைப் பக்கம் விளநகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழில்முனைவோராகவும் வாழ்ந்து திரும்பியவர். அவருடைய ‘எண்ணங்கள்’ ஆலன் போட்ட பாதையில்தான் போகிறது. எண்ணமே வலிமை, அதைச் செப்பனிட்டால் வாழ்வு மாறும் என்கிறது. நகரத்து அலுவலகங்களிலும் கிராமத்து டீக்கடை பெஞ்சுகளிலும் அதைக் கைமாற்றிப் படித்தார்கள். அவ்வளவு வாசகர்கள் கிடைத்த ஓர் எழுத்தாளர் அடுத்த புத்தகம், அடுத்த மேடை என்று போயிருக்கலாம். அவர் 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி, நீர், ஊழல், ஊராட்சி என்று பேசிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தேர்தல் கணக்கில் அந்த இயக்கம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் உள்ளத்தைச் சீர்திருத்துவது வீட்டு வாசலோடு நின்றுவிடக் கூடாது என்று அவர் நம்பினார், அந்த நம்பிக்கைக்காகத் தன் பெயரையும் உழைப்பையும் வயதான காலத்தில் பணயம் வைத்தார். அந்தத் துணிச்சலுக்குத் தமிழ் வாசகர்கள் கொடுக்க வேண்டிய மரியாதை இன்னும் பாக்கி இருக்கிறது.

அதே 1988-இல் கே.பாலசந்தரின் ‘உன்னால் முடியும் தம்பி’ திரைப்படம் வெளிவந்தது. தெலுங்கு ‘ருத்ரவீணா’வின் தமிழ் வடிவம் அது. சங்கீத வித்வானின் மகன் அப்பாவின் வீட்டை விட்டு வெளியேறி, குடியில் மூழ்கிய கிராமத்தைத் திரட்டி மீட்கிறான். கமல்ஹாசன் நடித்த அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் தேடியபோது, எண்ணங்களைப் பற்றி எழுதியவரின் பெயரையே பாலசந்தர் எடுத்துக்கொண்டார். படத்தில் ஊரார் அவனைக் கூப்பிடுவது உதயமூர்த்தி என்றுதான்.